செயற்கைக் காலும் கைபேசியும்: எது நம் உடம்பில் சேர்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: "போனை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்கு வந்தேன். அன்று முழுக்க ஒரு கை இல்லாதது போல் இருந்தது. தொழில்நுட்பம் நம் உடம்பின் நீட்சி ஆகிவிட்டது என்கிறார்களே, அது நிஜமா, சும்மா பேச்சுக்குச் சொல்வதா? இப்படிச் சார்ந்திருப்பது தப்பா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியில் இருக்கும் ஒரு பொருளை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒன்று. ஒரு பொருள் இல்லாமல் நாள் நகராது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அதற்காக வெட்கப்படவோ பயப்படவோ வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்ல நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் உங்கள் போன் அதற்குச் சரியான உதாரணம் இல்லை. இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

"கை இல்லாதது போல்" என்று நீங்கள் எழுதியதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கையோ காலோ நிஜமாகவே இல்லாதவர்களோடுதான் என் பிழைப்பு. செயற்கைக் கால் செய்து பொருத்தும் தொழில். மூளையைப் பற்றி நான் படித்தது இந்த வேலைக்கு வேண்டிய மட்டும்தான். கீழே ஆய்வுகளைப் பற்றிச் சொல்வதை ஒரு தொழில்காரன் படித்துப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். கால்களைப் பற்றிச் சொல்வது கையால் செய்து கண்ணால் பார்த்தது.

முட்டிக்குக் கீழே கால் எடுத்த ஒருவருக்கு எப்படிக் கால் செய்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எங்களிடம் வருபவர்களில் சர்க்கரைப் புண் முற்றிக் கால் எடுத்தவர்கள் நிறைய. சாலை விபத்து அடுத்தது. மீதி இருக்கும் காலை ஸ்டம்ப் என்போம். அதன் மேல் மெல்லிய துணி உறை போட்டு, எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் அழியாத பென்சிலால் குறித்து, பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுப்போம். துருத்தும் எலும்பு மேல் அழுத்தம் விழக் கூடாது. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் அழுத்தம் தாங்கும், அங்கே எடையை ஏற்றலாம். அந்த அச்சிலிருந்து வருவதுதான் சாக்கெட், அதாவது ஸ்டம்ப் போய் உட்காரும் கிண்ணம். காலின் மற்ற பாகங்களைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். சாக்கெட் சரியில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த பாதம் மாட்டினாலும் அது மூலையில்தான் நிற்கும்.

முதல் நாள் புதுக் காலை மாட்டி, நடை பழகும் கம்பிகளைப் பிடித்து நின்றதும் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரொம்பக் கனமா இருக்கு சார்." கணக்குப்படி இது தப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முட்டிக்குக் கீழே இருந்த கால் சுமார் மூன்றரை கிலோ இருந்திருக்கும். நாங்கள் மாட்டுவது பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டியே இருக்கும். இழந்ததை விட லேசான ஒன்றைத்தான் கனம் என்கிறார். பிறந்ததிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்த மூன்றரை கிலோவை அவர் ஒரு நாளும் கனம் என்று உணர்ந்ததில்லை, ஏனென்றால் அது அவர். இந்த 2 கிலோ ஒரு சாமான். எலும்போடு சேராமல் தோலிலும் சதையிலும் தொங்குகிறது, தானாக அசையும் தசையும் அதற்கு இல்லை.

வாரங்கள் போகப் போக என்ன நடக்கிறது என்றால், அதே கால், அதே எடை, ஆனால் கனம் என்ற பேச்சு குறைந்துவிடும். பாதத்தைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அலைன்மெண்ட், அதாவது சாக்கெட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள நேர்வாகு, சரிசெய்த அன்றே "இப்ப லேசாயிடுச்சு" என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் ஒரு கிராம்கூடக் குறைத்திருக்க மாட்டோம். இதை விட நம்பகமான அடையாளம் ஒன்று இருக்கிறது. புதிதாக நடப்பவர் குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார். ஒரு நாள் தலை நிமிரும். நம்மோடு பேசிக்கொண்டே நடப்பார், வாசற்படி வந்தால் பேச்சை நிறுத்தாமல் ஏறுவார். அப்புறம் கேட்டால், கால் கீழே வைப்பது மணலா சரளையா ஈர சிமெண்டா என்பது பார்க்காமலே தெரிகிறது என்பார். அந்தப் பாதத்தில் நரம்பு கிடையாது, ரப்பர். சாக்கெட் வழியாக ஸ்டம்பில் விழும் அழுத்தத்தைத்தான் அவர் மூளை பாதத்தில் நடப்பதாகப் படித்துக்கொள்கிறது.

இதற்கு ஆய்வில் என்ன இருக்கிறது? ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய நரம்பியலாளர்கள் 1911-லேயே, உடம்பு எங்கே இருக்கிறது என்பதற்கு மூளையில் ஒரு வரைவு இருக்கிறது, அது நாம் கையாளும் பொருள்களின் நுனி வரை நீளும் என்று எழுதினார்கள். தொப்பியில் இறகு செருகிய பெண்ணுக்கு அந்த இறகின் நுனி வரை உடம்பு நீள்கிறது என்பது அவர்கள் தந்த உதாரணம். 1996-ல் ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர் குரங்குகளுக்குச் சிறு வாரியால் (குப்பை வாரும் கோல் போன்றது) தீனியை இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முன்பு கைக்குப் பக்கத்தில் எதுவும் வந்தால் மட்டும் துடித்த மூளைச் செல்கள், பழகிய பின் வாரியின் நுனிக்குப் பக்கத்தில் வந்தாலும் துடித்தன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வாரியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த மாற்றம் இல்லை. அதைக் கொண்டு வேலை செய்தபோதுதான் வந்தது. நாங்கள் நோயாளியிடம் "காலை மாட்டிக்கொண்டு உட்காராதீங்க, நடங்க" என்று நச்சரிப்பது வெறும் தசைக்காக மட்டும் இல்லை.

1998-ல் பாட்வினிக், கோஹன் செய்த ரப்பர் கை சோதனையும் பலருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் நிஜக் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே உங்கள் கை போலத் தோன்றும். ஆக, உடம்பின் எல்லையை மூளை கல்லில் செதுக்கி வைக்கவில்லை, அது மாறக்கூடியது என்பது உறுதி. கருவி நிஜமாகவே உடம்பு வரைவுக்குள் சேர்கிறதா, இல்லை கவனம் மட்டும் கருவியின் நுனிக்கு நகர்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் தகராறு உண்டு. இரண்டையும் பிரித்துச் சோதிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

எல்லாமே இப்படிச் சேர்ந்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். செயற்கைக் கை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். 25 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் வந்த ஒரு தொகுப்பின்படி, பெரியவர்களில் வார் இழுத்து இயக்கும் கையை 26 சதவீதம் பேரும், மின்சாரக் கையை 23 சதவீதம் பேரும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம், 45-ம் 35-ம். கால் என்றால் எடையைத் தாங்கினாலே பாதி வேலை முடிந்தது. கைக்குத் தொடு உணர்ச்சி வேண்டும். டம்ளரைப் பிடித்தாயா நசுக்கினாயா என்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்தக் கை எப்போதும் ஒரு கருவியாகவே நிற்கும். இன்னொரு கை நன்றாக இருப்பவர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒற்றைக் கையாலேயே வேகமாக எல்லாம் செய்துகொள்வார். அவர் கணக்கு சரிதான்.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். போன் அதிராமலே சட்டைப் பையில் அதிர்ந்தது போல் தோன்றுவது உங்களுக்கும் நடந்திருக்கும். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் எடுத்து 2012-ல் வெளியான ஆய்வில் 89 சதவீதம் பேர் தங்களுக்கு இது நடந்திருப்பதாகச் சொன்னார்கள். இதைக் கால் போன பின்னும் கால் இருப்பதாகத் தோன்றும் உணர்வோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. இல்லாத காலின் உணர்வை அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களிடம் கண்டு சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-ல் எழுதினார். இல்லாத விரலில் அரிப்பு, இல்லாத பாதத்தில் ஆணி அடித்தது போன்ற வலி, இதெல்லாம் எங்களிடம் வருபவர்கள் சாதாரணமாகச் சொல்வது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டி வைத்து இதற்கு ஒரு வழி சொன்னார்: இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினால் சிலருக்கு வலி தளரும். எல்லோருக்கும் இல்லை, பின்னால் வந்த சோதனைகளின் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எப்படியானாலும் அது மூளையில் காலுக்கென்று இருந்த இடம் செய்யும் வேலை. போன் அதிர்வது போல் தோன்றுவது அப்படி இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கும் மூளை, துணி உரசுவதை அழைப்பு என்று தப்பாகப் படிக்கிறது. அது உறுப்பின் நினைவு இல்லை, எதிர்பார்ப்பு.

ஒரு சாதனம் நம்மோடு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, அது இல்லாதபோது எவ்வளவு தவிக்கிறோம் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. இருக்கும்போது எவ்வளவு மறக்கிறோம் என்பதைத்தான் பார்ப்பேன். நல்ல கால் வாயைத் திறக்காது. மூக்குக் கண்ணாடியும் அப்படியே. போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுபவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. போன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தன்னைப் பார்க்கச் சொல்கிறது. அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு காலை நான் செய்து கொடுத்தால், மறுநாளே சரிசெய்யத் திரும்பி வந்துவிடுவார்கள்.

போனைக் கையோடு ஒப்பிடுவதை விட நினைவோடு ஒப்பிடுவது பொருந்தும். ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1998-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் பேசினார்கள். நினைவு மங்கிய ஒருவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி எப்போதும் கூடவே வைத்திருக்கிறார். எங்கே போக வேண்டும் என்றால் நோட்டைப் பார்க்கிறார், சந்தேகப்படாமல் போகிறார். நமக்கு மண்டைக்குள் இருப்பது அவருக்கு நோட்டில் இருக்கிறது. அப்படியானால் அந்த நோட்டை அவர் மனத்தின் ஒரு பகுதி என்று ஏன் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. இது வாதம், நிரூபணம் இல்லை. ஒப்பாத தத்துவவாதிகளும் நிறைய. ஆனால் அன்று உங்களுக்குக் காணாமல் போனது எது என்பதற்கு இது நல்ல விளக்கம். எஸ்.டி.டி. பூத் காலத்தில் உறவுக்காரர்கள், கடைக்காரர்கள் என்று பல எண்கள் நமக்கு மனப்பாடம். இன்று வீட்டுக்காரியின் எண்ணே தெரியாதவர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட.

இதனால் மூளை மழுங்குகிறதா என்று அடுத்துக் கேட்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஆய்வுகளுக்கு மேலே ஏறிப் பேசுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் என்று தெரிந்தால் நாம் விஷயத்தை மறந்துவிடுகிறோம் என்று 2011-ல் வந்த ஆய்வு பெரிய பேச்சானது. அதிலிருந்த ஒரு சோதனையை மற்றவர்கள் திரும்பச் செய்து 2018-ல் வெளியிட்டபோது அதே முடிவு கிடைக்கவில்லை. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். எலெனர் மக்வயர் குழுவினர் 2000-ல் பார்த்தபோது, இடம் அறிய உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2011-ல் பயிற்சிக்கு வந்தவர்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தபோது, தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்த வளர்ச்சி தெரிந்தது. பழக்கினால் வளரும் என்பது வரை நன்றாக நிற்கிறது. கூகுள் மேப் பார்த்தால் மூளை சுருங்கும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. வாட்ஸ்அப்பில் வருவது அதன் மேல் ஏற்றிய கதை.

ஆனாலும் பயன்படுத்தாதது போய்விடும் என்ற பயம் எங்கள் தொழிலில் வெறும் பயம் இல்லை. கால் எடுத்த பிறகு நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் முட்டியை மடக்கியபடியே உட்கார்ந்திருப்பவருக்கு, அந்த முட்டி அப்படியே இறுகிவிடும். பிறகு நீட்டவே வராது. அதிகமாக இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவதே பெரும்பாடு. நாற்காலியின் மேல் தப்பில்லை; அது இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போயிருக்க முடியாது. ஆனால் முட்டியைத் தினமும் நீட்டு என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அவர் செய்யவில்லை. அதனால் என்னிடம் சார்ந்திருக்கலாமா என்று கேட்டால், தாராளமாகச் சாருங்கள், அந்தச் சாதனம் உங்களிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டு சாருங்கள் என்பேன். அண்ணன் எண் மறந்தால் பரவாயில்லை. சொந்த ஊருக்குள்ளேயே வழி கேட்க வேண்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இதை விட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தச் சாதனம் யார் கையில் இருக்கிறது என்பது. 1968-ல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ஜெய்ப்பூர் கால் என்று இன்று நாம் சொல்லும் ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். அதற்கு முன் இங்கே கிடைத்த வெளிநாட்டு மாதிரிகளுக்குச் செருப்பல்ல, ஷூவே வேண்டும். கோயிலுக்குள்ளும் சமையலறைக்குள்ளும் போக முடியாது, சேற்றில் இறங்க முடியாது, குந்தி உட்காரவும் முடியாது. இவர்கள் செய்த பாதம் வெறுங்காலாகவே எங்கும் போனது. 1981-ல் திருச்சிப் பக்கம் நடந்த பேருந்து விபத்தின் விளைவாகக் காலை இழந்த சுதா சந்திரன் இதை மாட்டிக்கொண்டுதான் மறுபடி மேடையில் பரதம் ஆடினார். யாழ்ப்பாணத்திலும் 1987-ல் ஒரு ஜெய்ப்பூர் கால் நிலையம் தொடங்கி, உள்ளூரிலேயே செய்து கொடுத்தார்கள். ஆடம்பரமான கால் இல்லைதான். ஆனால் தேய்ந்தால், பிளந்தால், உள்ளூர்ப் பட்டறை அறிவு உள்ள ஒருவரால் சரிசெய்ய முடியும். அந்தக் காலைச் சார்ந்திருப்பவர் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியைச் சார்ந்திருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஆர்கஸ் 2. விழித்திரை கெட்டுப் பார்வை போனவர்களுக்காகக் கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் என்ற நிறுவனம் செய்த செயற்கைக் கண். கண்ணுக்குள் மின்முனைகளை வைத்துத் தைத்துவிடுவார்கள். மூக்குக் கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுப் பார்வை வராது. வெளிச்சம், வாசல், வெள்ளைக் கோடு போன்றவை புள்ளிகளாகத் தெரியும். பழகியவர்களுக்கு அதுவே பெரிது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் அந்த நிறுவனம் இந்தத் தயாரிப்பைக் கைவிட்டது, 2020-ல் மூடும் நிலைக்கே போனது. இடுப்புப் பெட்டி கெட்டால் மாற்றப் பெட்டி இல்லை, கேட்க ஆள் இல்லை. கண்ணுக்குள் இருப்பது அப்படியே இருக்கிறது. ஒரு முறை பார்வை போனவர்கள் உதிரிபாகம் இல்லாததால் இரண்டாம் முறை இழக்கும் நிலை. நம் ஊரிலும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காது கேட்கக் காக்ளியர் கருவி வைக்கிறார்கள். அருமையான திட்டம். அறுவை சிகிச்சை நாளோடு வேலை முடிவதில்லை என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியும். வெளியே மாட்டும் பிராசஸரின் வயரும் பேட்டரியும் ஆயுசு முழுக்கத் தேவை.

அதனால் அன்று போன் இல்லாமல் உங்களுக்கு எது எது நின்றது என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். சும்மா எடுத்துப் பார்க்கும் பழக்கம் தடைப்பட்டதால் வந்த தவிப்பா? அதைக் கை இழந்ததோடு சேர்க்க வேண்டாம். எண்கள் நினைவில்லாததா? நாலு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்தால் தீர்ந்தது. டீக்கடையில் காசு கொடுக்க முடியாமல், ஓ.டி.பி. வராமல், உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் நின்றீர்களா? அதுதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அதைப் பழுதுபார்க்கும் திறவுகோல் உங்களிடம் இல்லை. ஜி-மெயில் போன்றவை, போன் இல்லாதபோதும் கணக்குக்குள் நுழைய மாற்றுக் குறியீடுகள் தருகின்றன. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கொஞ்சம் ரொக்கமும் பையில் இருக்கட்டும்.

நன்றாக நடக்கத் தொடங்கியவர்களிடம் நான் கடைசியாகச் சொல்லி அனுப்புவது, பழைய கக்கத்துக் கட்டைகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான். ஸ்டம்பில் கொப்புளம் வந்தால் ஒரு வாரம் காலை மாட்டக் கூடாது. சாக்கெட் விரிசல் விட்டால் அது எங்களிடம் சில நாள் கிடக்கும். ராத்திரி காலைக் கழற்றி வைத்த பிறகும் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். ஒற்றைக் காலில் குதித்துப் போய் வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கட்டையைப் பரண் மேல் போட்டிருந்தார்கள்.